உடைமாற்றும் அறையின் கோபக்காரி

ஜூன் 2, திங்கள்

மழை விடுவதாக இல்லை. இரண்டாம் கோர்ட்டில் கூரை ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன். கோச் வந்து பார்த்துவிட்டு, "இது பாட்மிண்டன் கூடமா, குளியலறையா?" என்று கேட்டார். கூரைக்கு நானா பொறுப்பு? கூட்டிப் பெருக்கவும் பூட்டித் திறக்கவும்தான் என்னை வைத்திருக்கிறார்கள். ஆபீசில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

திரும்பி வரும்போது தெருமுனையில் அந்தக் கறுப்பு நாய். வழக்கம்போல் பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தேன். "நாலு கால்ல ஒண்ணு வந்தா நீ எட்டு கால்ல ஓடுவ" என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். கெண்டைக்காலில் கடி வாங்கியவள் நான். மூக்குக் கண்ணாடி விற்கிறவருக்கு அடுத்தவர் வலி மட்டும் கண்ணில் படாது போலிருக்கிறது.

ஜூன் 4, புதன்

ஆறு கரையை உடைத்துக்கொண்டது. கீழ்க்குடியிருப்பு முழுவதும் தண்ணீரில். நாங்கள் மேட்டில் இருப்பதால் தப்பித்தோம். தம்பி தீயணைப்பு வண்டியோடு போனவன், இன்னும் வீடு திரும்பவில்லை. போனும் எடுக்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

காலையில் தம்பி வந்தான். இடுப்பு வரை சேறு. வந்ததும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"அக்கா, கூடத்துச் சாவி குடு."

"எதுக்குடா?"

"ஜனங்கள ஸ்கூல்ல தங்க வெச்சாச்சு. அவங்க வளக்கற நாய், பூனைய உள்ள விடமாட்டேங்கறாங்க. ஆபீஸ்ல கேட்டேன், சரின்னுட்டாங்க."

"டேய், நான் அங்கதாண்டா வேலை செய்யறேன்."

"அதனாலதான் உன்கிட்ட கேக்கறேன்."

மாலைக்குள் கூடம் நிரம்பிவிட்டது. கோர்ட்டுகளுக்கு நடுவே வலையைக் கட்டித் தடுத்தோம். ஒரு பக்கம் நாய்கள், இன்னொரு பக்கம் பூனைகள், பார்வையாளர் படிக்கட்டில் கிளிக்கூண்டுகள், மூலையில் முயல்கள். ஆமை ஒன்று வெள்ளைக் கோட்டின் மேலேயே நடந்துகொண்டிருந்தது, லைன் அம்பயர் மாதிரி. நான் படிக்கட்டின் உச்சியில் ஏறி நின்றுகொண்டேன்.

பிறகு ஒரு பெரிய இடி. கூரையே பெயர்ந்துவிட்டதோ என்றிருந்தது. அடுத்த கணம் கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. நாய், பூனை, கிளி எல்லாம் வாயை மூடி ஒரே பக்கமாக நிமிர்ந்து பார்த்தன. எத்தனையோ போட்டிக்கு இந்தக் கூடத்தில் ஆட்கள் நிரம்பிப் பார்த்திருக்கிறேன். இப்படி ஓர் அமைதியைப் பார்த்ததில்லை. எனக்கும் அவற்றுக்கும் ஒரே பயம் என்று அப்போது தோன்றியது. ஏன் தோன்றியது? தெரியவில்லை. இரண்டு படி கீழே இறங்கி உட்கார்ந்தேன்.

ஜூன் 7, சனி

இன்று தம்பி கொண்டுவந்தது ஒரு பெண் நாய். செம்மண் நிறம், ஒரு காது மடிந்திருக்கிறது. மூழ்கிய வீடு ஒன்றின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் சுருண்டு கிடந்திருக்கிறாள். அடியில் குட்டிகள். மழையிலும் குளிரிலும் எப்போதோ விறைத்துவிட்டன. அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை, அவற்றின் மேலேயே படுத்திருக்கிறாள்.

"தூக்கப் போனா கைய கடிச்சா. கையுறை இருந்துச்சு, தப்பிச்சேன். அவள மட்டும் இழுத்துட்டு வந்தா தண்ணில குதிச்சிருவாக்கா. அதான் குட்டிங்களயும் பையில வெச்சு படகுல ஏத்தினேன். அந்தப் பை மேல மூக்க வெச்சுக்கிட்டே வந்தா."

இதைச் சொல்லும்போது அவன் தன் பூட்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கூடத்து வேலியோரம் குழி தோண்டிக் குட்டிகளைப் புதைத்தான். என் தம்பிக்குள் இப்படி ஓர் ஆள் இருப்பது எனக்கு இத்தனை வருஷம் தெரியவில்லை.

பக்கத்தில் யார் போனாலும் சீறுகிறாள். அதனால் பெண்கள் உடைமாற்றும் அறையில் தனியாக அடைத்திருக்கிறோம். கோபக்காரி என்று பெயர் வைத்துவிட்டேன். தட்டை உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தி ஓடிவந்தேன்.

ஜூன் 9, திங்கள்

நான்கு பூனைக்குட்டிகள். தண்ணீரில் சாய்ந்து கிடந்த துணி அலமாரியின் மேல் இழுப்பறைக்குள் இருந்திருக்கின்றன. தாய்ப்பூனையைக் காணவில்லை. கண் இப்போதுதான் திறக்கிறது. ஷட்டில் வரும் அட்டைப் பெட்டியில் துண்டு விரித்துப் படுக்கவைத்தோம்.

டாக்டரம்மா ஊசி இல்லாத சிரிஞ்சில் பால் புகட்டிக் காட்டினார். கால்நடை மருத்துவர், ஒல்லியான பெண், இந்தக் கூடத்துக்கும் இன்னொரு முகாமுக்கும் ஒருவரே ஓடுகிறார். "தலைய நிமித்தாதீங்கக்கா, பால் நுரையீரலுக்குப் போயிரும்" என்றார். என் கட்டைவிரல் நீளம்கூட இல்லாத முகம். மூச்சை அடக்கிக்கொண்டு புகட்டினேன்.

கோபக்காரிக்குக் காய்ச்சல். மடி கல் மாதிரி வீங்கியிருக்கிறதாம். "பால் கட்டிக்கிட்டா சீழ் வெச்சிரும். ஒத்தடம் குடுக்கணும். ஆனா தொடவே விடமாட்டேங்கறாளே" என்றார் டாக்டரம்மா.

ஜூன் 11, புதன்

சாம்பல் நிறக் குட்டி ஒன்று காலையில் போய்விட்டது. மற்ற மூன்றும் சிரிஞ்சைத் துப்புகின்றன.

ஜூன் 12, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

டாக்டரம்மா காலையிலேயே அடுத்த முகாமுக்குப் படகில் போய்விட்டார். மதியம் கூடத்தில் நான் மட்டும். குட்டிகள் கத்தத் தொடங்கின. கத்தல் என்றுகூடச் சொல்ல முடியாது, கதவுக் கீலில் எண்ணெய் போடாவிட்டால் வருமே, அந்தச் சத்தம். அதைக் கேட்டதும் உடைமாற்றும் அறைக் கதவு தடதடவென்று ஆடியது. கோபக்காரி மோதுகிறாள். நேற்றும் இப்படித்தான் மோதினாள். "அவளுக்குப் பூனைன்னா ஆகாதோ என்னவோ, ஜாக்கிரதை" என்று தம்பி சொல்லியிருந்தான்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன், கிடைக்கவில்லை. குட்டிகளின் உடம்பு சில்லிட்டுக்கொண்டே வந்தது. பாட்டிலில் வெந்நீர் பிடித்து அணைப்பாக வைக்கலாம் என்று முதலுதவி அறைக்குப் போனேன். தண்ணீர் கொதிப்பதற்குள் ஏதோ மரம் பிளக்கிற சத்தம். வெளியே ஏதோ கிளை என்றுதான் நினைத்தேன், பாட்டிலை நிரப்பி மூடியபோதுதான் குட்டிகளின் சத்தம் நின்றுபோனது உறைத்தது. ஓடிவந்தேன்.

பெட்டி காலி.

உடைமாற்றும் அறைக் கதவின் கீழ்ப்பலகை ஈரத்தில் ஊறிப்போயிருந்தது. அதைக் கடித்துப் பிய்த்து ஓட்டை போட்டிருக்கிறாள். சிராய்களில் ரத்தம். தரையில் ரத்தச் சொட்டு, பெட்டி வரைக்கும், பெட்டியிலிருந்து திரும்ப ஓட்டை வரைக்கும்.

அய்யோ, மூணையும் தின்னுட்டாளேன்னுதான் நெனச்சேன். பொறுப்பா பாத்துக்கன்னு என்கிட்டதானே விட்டுட்டுப் போனாங்க. நான் ஏன் அந்தப் பக்கம் போனேன்? கதவத் திறக்கவும் பயம், திறக்காம இருக்கவும் முடியல. நெஞ்சு அடிச்ச அடியில காதே கேக்கல.

மண்டியிட்டு ஓட்டை வழியாகப் பார்த்தேன்.

பெஞ்சுக்கு அடியில், யாரோ மறந்துவிட்டுப் போன துண்டின் மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாயில் ரத்தம். அது அவள் ஈறிலிருந்து வந்த ரத்தம். மூன்று குட்டிகளும் அவள் வயிற்றோடு ஒட்டிக்கிடந்தன. அவை அசைகின்றனவா இல்லையா என்று என் கண்ணுக்குப் புலப்படவில்லை. பிறகு காது கேட்டது. சப், சப், சப்.

குடிக்கின்றன.

கறுப்புக்குட்டியின் முன்னங்கால்கள் மாறி மாறி அவள் மடியைப் பிசைந்தன. கல்லாய் வீங்கியிருந்த அந்த மடி எவ்வளவு வலித்திருக்கும்? கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். நடுவில் ஒரு தடவை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். சீறவில்லை. ஒன்றின் பின்பக்கத்தை நக்கிவிட்டு மறுபடி தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்குச் சாமி கும்பிடும் பழக்கம் கிடையாது. ஆனால் கைகள் கோத்திருந்தன, அதை நான் கவனித்தது எழுந்திருக்கும்போதுதான்.

ஜூன் 13, வெள்ளி

டாக்டரம்மா ஓட்டை வழியாகப் பார்த்தார்.

"இப்படி நடக்கும்னு படிச்சிருக்கேன். குட்டிய பறிகொடுத்த ஒடம்பு அது. கொஞ்ச நாளைக்குத் தாயாவேதான் இருக்கும். காரணம் எல்லாம் தெரியும்க்கா. ஆனா தெரிஞ்சு என்ன?" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கோபக்காரிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. குட்டிகள் உறிஞ்சியதில் மடியும் இளகிவிட்டது. அவை அவளைக் காப்பாற்றினவா, அவள் அவற்றைக் காப்பாற்றினாளா? டாக்டரம்மாவிடம் கேட்டேன். "ரெண்டும்தான்" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனேன். ரோமம் என்றாலே தும்முகிறவர். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு திருடன் மாதிரி வந்தார். வழியெல்லாம் கிண்டல். "நாய்ப்பால் குடிச்ச பூனை நாளைக்கு வாலாட்டுமா, இல்ல முறைக்குமா?"

உள்ளே போய்ப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். திரும்பி வரும்போது வாயே திறக்கவில்லை. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் இத்தனை தூரம் பேசாமல் நடந்தது இதுதான் முதல் தடவை.

படுக்கப் போகும்போது கேட்டார். "அவளுக்கு முட்டை குடுக்கலாமான்னு டாக்டரம்மாவ கேளேன்."

ஜூன் 20, வெள்ளி

முட்டை கொடுக்கலாமாம். என் கையிலிருந்தே வாங்கித் தின்றாள். பல் என் விரலில் படவேயில்லை.

ஜூன் 27, வெள்ளி

தண்ணீர் வடிந்துவிட்டது. வீடு கழுவி முடித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கூட்டிப்போகிறார்கள். தினமும் கூடத்தின் வாசலில் நின்று இதைப் பார்க்கிறேன், ஆனாலும் பழகவில்லை. ஸ்கூல் வாத்தியார் ஒருவர், விறைப்பான மனிதர், ஆமையைக் கையில் வாங்கியதும், "இளைச்சுட்டியேடா" என்று தழுதழுத்தார். ஆமை இளைத்ததை எப்படிக் கண்டுபிடித்தார்? ஓட்டுக்குள்ளேயா எட்டிப் பார்த்தார்? சிரிப்பு வந்தது. திரும்பி நின்றுகொண்டேன், ஏனென்றால் சிரிப்போடு வேறொன்றும் வந்தது.

எல்லாவற்றுக்கும் ஆள் வரவில்லை. உண்ணி மொய்த்து எலும்பும் தோலுமாய் வந்த இரண்டு நாய்கள் இருக்கின்றன. "இது வெள்ளத்துல ஆன கதி இல்லக்கா. அதுக்கு முன்னாடியே யாரும் கண்டுக்கல" என்கிறார் டாக்டரம்மா. அவற்றைத் தேடி யாரும் வரப்போவதில்லை. கோபக்காரியைத் தேடியும் இதுவரை யாரும் வரவில்லை. தம்பி அவள் படத்தைப் போனில் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறான்.

ஜூலை 4, வெள்ளி

குட்டிகள் ஓடுகின்றன. வலையில் ஏறித் தொங்குகின்றன. கோபக்காரி கீழே நின்று பதறுகிறாள், நாய்க்குட்டிகள் இப்படித் தொற்றி ஏறுமா என்கிற மாதிரி. கறுப்பன் அவள் முதுகில் குதித்து இறங்குகிறான்.

ஆபீசிலிருந்து ஆள் வந்தார். போட்டி வருகிறது, கூடத்தைக் காலி செய்ய வேண்டும். மிச்சம் இருப்பவற்றை வெளியூர்க் காப்பகத்துக்கு வேனில் அனுப்பப்போகிறார்கள். அங்கே நாய்களுக்கு ஒரு கட்டடம், பூனைகளுக்கு வேறு கட்டடம்.

அவர் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் காது அடைத்தது.

ஜூலை 9, புதன்

ஒரு பெண்மணி வந்தார். நல்ல மாதிரி. பூனை வளர்த்துப் பழக்கம். கறுப்பனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணு மட்டும் தர்றீங்களா?" என்றார்.

"அது ஏற்கெனவே ஒருத்தருக்குச் சொல்லியாச்சுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் போனதும் டாக்டரம்மா கேட்டார். "யாருக்குச் சொல்லியிருக்கீங்கக்கா?"

"தெரியல."

"இவ கூடவே எல்லாரும் இருக்கணும்னா யார் எடுப்பாங்க? ஒரு நாய், மூணு பூனை. நல்ல வீடு தேடி வந்துச்சு, திருப்பி அனுப்பிட்டீங்களே." கோபம் இல்லை, களைப்புதான். அவர் சொல்வது சரி. சரி என்று தெரிந்துதான் சொன்னேன். எங்கள் வீடு ஒற்றை அறை. வீட்டுக்காரருக்கோ இரண்டு ரோமம் பறந்தால் மூச்சு இழுக்கும். நான் யாரை நம்பி அப்படிச் சொன்னேன்?

ஜூலை 11, வெள்ளி

நாளை வேன். காலையிலிருந்து நானும் டாக்டரம்மாவும் கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். மதியம் வாசலில் நிழலாடியது. இரண்டு ஊன்றுகோல், ஒரு காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. டாக்ஸிக்காரர் என்று சொல்லிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருவர் போனில் படத்தைக் காட்டினாராம். ஒரு காது மடிந்த நாய்.

"சுவர் இடிஞ்சு என் கால் மேல விழுந்துருச்சு மேடம். அதுக்கு முன்னாடியே குட்டிங்கள மாடியில கொண்டுபோய் வெச்சிருந்தேன். படகுல வந்தவங்க என்ன தூக்கினாங்க. அவள கூப்பிட்டேன். படி வரைக்கும் இறங்கி வந்தா. என்ன பாத்தா. மேல பாத்தா. திரும்பி ஏறிப் போயிட்டா." ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தார். "வேற ஊர் ஆஸ்பத்திரி. போனும் தண்ணியோட போச்சு. குட்டிங்க…?"

வேலியோரத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார்.

பிறகு கூடத்துக்குள் வந்து, மெதுவாக, "அம்மாடி" என்றார். அதுதான் அவள் பெயராம்.

கோர்ட்டின் அந்தக் கோடியில் படுத்திருந்தவள் எழுந்தாள். ஓடிவருவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. தலையைத் தாழ்த்தி, ஒவ்வொரு அடியாக, கண்ணை எடுக்காமல் வந்தாள். மாவுக்கட்டை மேலிருந்து கீழ்வரை மோந்தாள். பிறகு அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை எழுத எனக்கு எழுத்து இல்லை. அவர் ஊன்றுகோலைப் போட்டுவிட்டுத் தரையில் சரிந்து உட்கார்ந்தார். அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நானும் டாக்டரம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

திடீரென்று அவரை விட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். போய்க்கொண்டே இருந்தாள், உடைமாற்றும் அறைப் பக்கமாக. அவர் முகம் விழுந்துவிட்டது. "கோவம் இருக்கும்ல. விட்டுட்டுப் போனவன்தானே" என்றார்.

வந்தாள். வாயில் கறுப்பன். கொழுத்த பயல், நாலு காலும் தொங்க, வால் தரையில் இழுபட. அவர் மாவுக்கட்டின் மேல் வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடி போனாள். உடம்பில் கோடு போட்ட வரியன் ஒருவனைக் கொண்டுவந்து வைத்தாள். மூன்றாவது பயல், இன்னொரு வரியன், படிக்கட்டில் ஏறி ஒளிந்துகொண்டான். அடியில் நின்று ஒரே ஒரு குரல் கொடுத்தாள். இறங்கிவந்தான். அவனையும் கவ்வி வந்து வைத்தாள். வைத்துவிட்டு அவர் மேல் உடம்பைச் சாய்த்துப் பெருமூச்சு விட்டாள்.

டாக்டரம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், வலிக்கிற அளவுக்கு.

"இதெல்லாம் என்னதுங்க?" என்று கேட்டார் டாக்ஸிக்காரர்.

"அவ புள்ளைங்க" என்றேன். வேறெப்படிச் சொல்வது?

ஒவ்வொன்றின் தலையையும் ஒற்றை விரலால் தொட்டார். அப்புறம்தான் சொன்னார், அவர் இருப்பது நண்பர் ஒருவரின் வண்டிக் கொட்டகையில், கடன் வாங்கிய கட்டிலில். வீடு இனித்தான் கட்ட வேண்டும். வண்டி ஓட்ட இந்தக் கால் சம்மதிக்க எத்தனை மாதமோ. "கூட்டிப் போகலாம்னு வரல மேடம். உசுரோட இருக்காளான்னு பாத்துட்டு, நல்ல எடத்துல விடுங்கன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

சாப்பாட்டு டப்பாவோடு வந்த என் வீட்டுக்காரர் எப்போதிருந்து வாசலில் நின்றாரோ. அவருடைய தும்மல்தான் எங்களைத் திருப்பியது. இரண்டாவது தும்மலையும் முடித்துவிட்டுச் சொன்னார்.

"என் கடைக்குப் பின்னாடி ஒரு ரூம் சும்மா கெடக்கு. பழைய பிரேம் பெட்டிங்கதான். எடுத்துப் போட்டா ரெண்டு மூணு பேர் தாராளமா இருக்கலாம்."

டாக்ஸிக்காரர் மடியைப் பார்த்துக்கொண்டார். "நாங்க அஞ்சு பேருங்க."

"நெருக்கி உக்காந்துக்குங்க."

நான் வீட்டுக்காரரைத் தனியாக இழுத்துப்போய், "உங்களுக்குத் தும்மல் வருமே?" என்றேன்.

"நான் சொல்ற ஜோக்குக்கு கடையில எவனும் நிமிந்து பாக்கறதில்ல. தும்மினாலாவது பாப்பாங்க."

இந்த மனிதரோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். பக்கத்தில் நின்று முழுசாகப் பார்த்தது இன்றுதான்.

ஜூலை 12, சனி

வேன் போய்விட்டது. எலும்பும் தோலுமாய் வந்த இரண்டும் இப்போது பளபளவென்று இருக்கின்றன. ஒன்று ஏறுமுன் என் கையை நக்கியது. கூடத்தைக் கழுவினேன். எதிரொலிக்கிறது.

ஆகஸ்டு 17, ஞாயிறு

டாக்ஸிக்காரருக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. சும்மா உட்கார மனம் வராமல் கண்ணாடிக்குத் திருகாணி மாட்டக் கற்றுக்கொண்டுவிட்டார். அவள் கடை வாசற்படியில் குறுக்கே படுத்திருக்கிறாள். வருகிறவர்கள் தாண்டித்தான் வர வேண்டும். வரியன் ஒருவன் பில் போடும் மெஷின் மேல் தூங்குகிறான். வீட்டுக்காரர் தும்மல் மாத்திரை போட்டுக்கொண்டு வியாபாரம் பார்க்கிறார். நாயிடம் பால் குடித்த பூனைகளைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். பாதிப் பேர் கண்ணையும் சோதித்துக்கொண்டு போகிறார்கள்.

அக்டோபர் 14, செவ்வாய்

காலையில் கூடத்தில் சிறுவர் போட்டி. முடிந்து பூட்டும்போது தம்பி கூப்பிட்டான். மேற்குப் பக்க அடுக்குமாடியில், குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்குள்ளிருந்து ஏதோ முனகல் கேட்கிறதாம். பக்கத்து வீட்டுக்காரர் தகவல் சொல்லியிருக்கிறார். "பூட்டு உடைக்க ஆள் வர்றாங்க. உள்ள போறதுக்கு நீ வந்தா தேவலக்கா. எங்க யூனிபார்ம பாத்தாலே மெரண்டுக்கும்."

போனேன். கதவு திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. சமையலறை மூலையில், கேஸ் மேடைக்குக் கீழே, இரண்டு கண்கள். பெரிய நாய்தான், ஆனால் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். பல்லைக் காட்டியது.

மற்றவர்களை வெளியே இருக்கச் சொன்னேன். தண்ணீர்க் கிண்ணத்தைக் கொஞ்ச தூரத்தில் வைத்துவிட்டு, தரையில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தேன். எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். வெளியே தம்பி யாரிடமோ, "அவங்க பாத்துப்பாங்க, கொஞ்சம் இருங்க" என்று சொன்னது கேட்டது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வெளிச்சம் ஜன்னல் இடுக்கில் இடம் மாறியது.

நகங்கள் தரையில் உரசின. நின்றன. மறுபடி உரசின. தண்ணீர் நக்கும் சத்தம். நான் திரும்பவில்லை.

பிறகு என் கழுத்தில், பிடரிக்குக் கீழே, ஈரமாக ஒரு மூக்கு வந்து பட்டது. பட்டு, அங்கேயே இருந்தது.

இதை எழுதும்போதும் அந்த இடம் சில்லென்று இருக்கிறது.